கடைசி இருக்கையில் ஷஹ்லா

...போலீஸ் நிலையக் கூடத்தில் இன்னும் நான்கு பேர், பிறகு இவர்கள் முறை, எண் சீட்டை ஷஹ்லா தன்னையறியாமல் மடித்து மடித்துப் பொடியாக்கிவிட்டிருந்தாள், பக்கத்தில் ஹோதன் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள், இருபத்தாறு வயது, முதியோர் இல்லத்தில் வேலை, சோமாலியாக்காரப் பெண், ஒரே கட்டடத்தில் அவள் நான்காம் மாடி, இவள் இரண்டாம் மாடி, கீழே சலவை அறையில் எதிர்ப்பட்டால் ஒரு சிரிப்பு, அதற்குமேல் பழக்கமில்லை, அப்படியிருக்க ஞாயிற்றுக்கிழமை வந்து ஏன் இவள் கதவைத் தட்டினாள்? "போலீஸ்ல வாக்குமூலம் குடுக்கணும்க்கா. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. கூட வர்றீங்களா?" கட்டடத்தில் வேறு பெண்களே இல்லையா... வருகிறேன் என்று எப்படி வாயில் வந்தது?

அது நடந்து மூன்று வாரமாகிறது. காலை டிராம், ஸ்வீடனின் கோதன்பர்க் நகரம் முழுக்க ஈரப்பனி, உள்ளே கம்பளிக் கோட்டுகளின் வாடை, யாரோ ஒரு ஆள் எழுந்து வந்து, உன் நாட்டுக்கே போடி என்று கத்தி, ஹோதனின் முக்காட்டைப் பிடித்து இழுத்து, முகத்தில் துப்பிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் சாவதானமாக இறங்கிப் போனான். ஹோதன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். ஒருவரும் எழவில்லை. கடைசி இருக்கையில் ஷஹ்லாவும் எழவில்லை. ஈரானில், ஷீராஸில், பத்தொன்பது வயதில், முக்காட்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை முடி தெரிந்ததற்காக ஒழுக்கக் காவலர்கள் இவளை அறைந்து வண்டியில் ஏற்றினார்களே, அன்றைக்குக் கடைத்தெருவில் நின்ற பெண்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்களே, அவர்களை முப்பத்து மூன்று வருடமாகத் திட்டியவள்தானே இவள்? அந்தத் துணியே வேண்டாமென்று நாட்டைவிட்டு வந்தவள்... அதனால்தான் உட்கார்ந்திருந்தாளா? இல்லை, பயம்தான், பயம்தான்... பயம் மட்டும்தானா?

எண் விழுந்தது. சின்ன அறை, மேசைக்கு அந்தப்பக்கம் வெளுத்த புருவமுள்ள போலீஸ்காரி, மெதுவாகத்தான் கேட்டாள், வெறுப்புக் குற்றம் என்றுதான் பதிந்திருக்கிறோம் என்றாள், ஹோதன் எல்லாவற்றையும் குரல் உடையாமல் சொன்னாள், துப்பியதைச் சொல்லும்போது மட்டும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள், அங்கே இப்போது ஒன்றும் இல்லை.

"சாட்சி யாராவது இருக்காங்களா? இல்லாட்டி கேஸ் நிக்கிறது கஷ்டம்."

ஹோதன் மேசையையே பார்த்தாள். இவள் பக்கம் திரும்பவும் இல்லை.

"நான் இருந்தேன்" என்றாள் ஷஹ்லா. "கடைசி சீட்ல. அவன் மூஞ்சி ஞாபகம் இருக்கு. நான்... நான் எந்திரிக்கல."

போலீஸ்காரி பேனாவை வைத்தாள். அப்படியானால் இவளைத் தனியே, வேறு அறையில் விசாரிக்க வேண்டும், அதற்கு இன்னொருவரை அழைத்து வருகிறேன் என்று வெளியே போனாள். ஷஹ்லாவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"தெரியும்க்கா. அன்னைக்கே உங்களைப் பார்த்தேன்."

"தெரிஞ்சுமா என் கதவைத் தட்டுன?"

"எல்லாரும் ஃபோனைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் அழுதுக்கிட்டிருந்தீங்க."

அழுதாளா? இவளுக்கு நினைவில்லையே... ஹோதன் கையை நீட்டி இவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள், சின்னக் கை, வேலை செய்து காய்த்த கை, இவளல்லவா பிடித்திருக்க வேண்டும், துணைக்கு வந்தவள் யார், தேற்றுகிறவள் யார்... கதவு திறந்தது, பெயரைச் சொல்லி அழைத்தார்கள், ஷஹ்லா எழுந்தாள், அவன் உயரம், கோட்டின் நிறம், கத்திய வார்த்தைகள், எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன, ஆனால் அந்தத் துணி தலையிலிருந்து நழுவிய கணத்தில், ஒரே ஒரு கணம், அது ஒழியட்டும் என்று தனக்குள் ஏதோ சொல்லியதே, அதை எந்தப் போலீஸும் கேட்கப்போவதில்லை, கேட்கக்கூடியவள் இந்தக் கைக்குரியவள் ஒருத்திதான், அவளும் கேட்கமாட்டாள், தானாகத்தான் சொல்லவேண்டும்... சொன்ன பிறகும் இந்தக் கை இப்படியே இருக்குமா?