நேராக வீட்டுக்கு

கல்லறைத் தோட்டத்தின் கதவைத் தாண்டியதுமே எங்கே போவது என்று பேச்சு கிளம்பிவிட்டது. சாவுக்கு வந்தவர்கள் நேராக வீடு திரும்பக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். நடுவில் எங்காவது நின்று போனால்தான் செத்தவர் வழி தவறுவார், பின்னாலேயே வரமாட்டார். நகரத்தில் இதற்குச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. உள்ளங்கை அளவு எரிமலைத் தீவில் எங்கே போய் நிற்பது?

கள்ளுக்கடை என்றார் பெர்த்தோ, செத்துப்போன சிரிலோவின் தம்பி. அங்கே விட்டால் சிரிலோ அடுத்த மழைக்காலம் வரை எழுந்திருக்கமாட்டான் என்று கூட்டம் சிரித்தது. கடைசியில் ஆமைத்துறை என்று முடிவாயிற்று. சிரிலோ காலமெல்லாம் சுற்றுலாக்காரர்களைப் படகில் கொண்டுபோய் ஆமை காட்டிய இடம். இன்றும் சிலர் நீச்சல் கண்ணாடியோடு கரையில் காத்திருந்தார்கள். அவர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். தீவிலேயே பிறந்தும் தண்ணீருக்கடியில் ஆமையைப் பார்த்திராத கிழவிகள் கறுப்புக் கவுனோடு குதூகலமாகப் படகேறினார்கள்.

சிரிலோவின் மனைவி பெலிசா மட்டும் ஏறவில்லை.

"நான் நேரா வீட்டுக்குப் போறேன்."

படகில் சிரிப்பு அடங்கியது. "நேரா போனா அண்ணனும் கூடவே வந்துருவாரு அண்ணி," என்றார் பெர்த்தோ.

"வரட்டுமே. உசுரோட இருந்தப்ப என்னிக்காவது நேரா வீட்டுக்கு வந்திருக்காரா? ஆமை, கள்ளு, சேவச்சண்டைன்னு ஊரெல்லாம் நின்னுட்டு சோறு ஆறினப்புறம்தான் வருவாரு. இப்ப அங்க கூட்டிட்டுப் போனீங்கன்னா ஆமையோட ஆமையா இருந்துடுவாரு. எனக்கு வேணும் அவரு."

மகள் அனலினுக்குப் பயம்தான். வீடு தேடி வரும் ஆவி இன்னொருவரையும் கூட்டிப் போகும் என்பார்கள். இருந்தாலும் அம்மாவைத் தனியே விட மனம் வரவில்லை, கூடவே மேடேறினாள்.

மேட்டிலிருந்து துறை முழுக்கத் தெரிந்தது. எரிமலைச் சூட்டில் கடலடிக் கருமணல் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஆமையொன்று மூச்சு வாங்கத் தலை தூக்கியதும் படகில் ஒரே கூச்சல். பெர்த்தோ சட்டையோடு குதித்தார். பெலிசாவும் நின்று பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். சட்டென்று மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நட நட. நாம நின்னா அவரும் நின்னுடுவாரு."

வீட்டுக்குள் அனலின் முதலில் நுழைந்தாள். அம்மாவைக் காணாமல் திரும்பிப் பார்த்தாள். பெலிசா படியில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்துவிட்டு, ஆளில்லாத முற்றத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"காலக் கழுவிட்டு உள்ள வாங்க. வீடெல்லாம் கருமணலாக்காதீங்க."

பிறகு ஓர் ஆள் போகுமளவுக்கு வாசலில் ஒதுங்கி நின்றாள்.