எல்லாப் பக்கத்துக்கும் ஒரே காவல்

அந்த மருத்துவமனையின் இணையதளத்தை ஜாவாவில் எழுதியவர் தலைமைப் புரோகிராமர். லாகின் செய்திருப்பவர் யார், அவர் பார்ப்பது அவருடைய விவரம்தானா என்று சோதிக்கும் சில வரிகளை ஒரே ஒருமுறை யோசித்து எழுதினார். பிறகு யோசிக்கவே இல்லை. புதுப் பக்கம் வரும்போதெல்லாம் அதே வரிகளை அதன் தலையில் ஒட்டினார். இதற்கு அனுபவம் என்று பெயர்.

பரிசோதனை முடிவுப் பக்கத்தில் மட்டும் ஒட்ட மறந்துபோனது.

ஒரு பெண் தன் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தின் இணைய முகவரியில் கடைசியாக இருந்த எண்ணை விளையாட்டாக மாற்றினாள். கூடவே பரிசோதனைக்கு வந்திருந்த நாத்தனாரின் முடிவு வந்து நின்றது: கர்ப்பம். உடனே வாழ்த்துச் சொல்லப் போன் போட்டாள். எடுத்தது நாத்தனாரின் கணவர். அவருக்கே அப்போதுதான் தெரியும்.

மறுநாள் நாத்தனார் நேராக மருத்துவமனை அலுவலகத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

“என் புருஷன்கிட்ட நான் சொல்லணும்னு நெனச்சிருந்தேன். உங்க கம்ப்யூட்டருக்கு என்ன அவசரம்?”

அவள் போனதும், அந்தப் பக்கத்திலும் ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்றார் தலைமை. குழுவில் சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பெண், சோதனையை முன்னால் ஒரே இடத்தில் ஃபில்டராக வைத்துவிடலாம், எந்தப் பக்கத்துக்குப் போகிறவரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும், மறக்கவே வழியில்லை என்றாள். ஓடுகிற வண்டியை ஏன் நோண்டுகிறாய் என்று கேட்டார் அவர். நாத்தனாரின் முகத்தை இன்னும் மறக்காத மருத்துவமனை நிர்வாகி, நோண்டச் சொன்னார்.

நோண்டினாள். காலையில் டாக்டர், நர்ஸ், நோயாளி ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. லாகின் செய்யாதவரை ஃபில்டர் லாகின் பக்கத்துக்கு அனுப்பியது. அங்கே போனவரையும் லாகின் செய்தாயா என்று கேட்டு, மறுபடி அங்கேயே அனுப்பியது.

“ரொம்பப் பாதுகாப்பா இருக்கும்மா,” என்றார் தலைமை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

சுருட்டை லாகின் பக்கத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்து ஒரு வரி சேர்த்தாள். எல்லோரும் உள்ளே போனார்கள். மதியக் கூட்டத்தில், தான் வெகுநாளாகச் சொல்லிவந்த திட்டம் இது என்று தலைமை விளக்கினார். சுருட்டை தண்ணீர் குடித்தாள்.

அடுத்த வாரம் நிர்வாகம் புதிதாக ஒன்று கேட்டது: கடவுச்சொல்லோடு, போனுக்கு வரும் ஓடிபி எண்ணையும் சோதிக்க வேண்டும். மாற்ற வேண்டியது ஒரே இடம் என்பதால் சுருட்டை மதியத்துக்குள் முடித்துவிட்டுத் தலைமையிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“மெதுவாப் பேசும்மா. எல்லாப் பக்கத்தையும் மாத்தணும், மூணு மாசம் ஆகும்னு நிர்வாகத்துகிட்ட இப்பத்தான் சொல்லிட்டு வரேன்.”

“இப்ப நான் என்ன சார் பண்ணணும்?”

“பிஸியா இரு,” என்றார்.