இலைப் பையில் கண்ணாடி

ஓய்வு பெற்ற பிறகும் அவரைத் தெருவில் எல்லோரும் சர்வேயர் என்றுதான் அழைத்தார்கள். அன்று காலை அவர் மடியில் மூன்று துண்டுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று கண்ணாடி; மற்ற இரண்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், ஒன்று அக்ரிலிக், ஒன்று பாலிகார்பனேட். காற்றில் மரக்கிளை முறிந்து விழுந்து, தோட்டத்துக் கண்ணாடிக் குடிலின் கூரை நொறுங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. உள்ளே அவருடைய ஆர்க்கிட் செடிகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தன.

"நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட நீங்க இவ்வளவு விசாரிக்கல," என்றாள் மனைவி.

"மாப்பிள்ளை வெயில் பட்டா மஞ்சளாக மாட்டார். இது ஆகும்."

கடைக்காரரை அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. கண்ணாடியில் வெளிச்சம் தாராளமாக வரும், ஆனால் இன்னொரு கிளை விழுந்தால் பழைய கதைதான். அக்ரிலிக்கை அழுத்தித் துடைத்தாலே கீறல் விழுந்தது. கடைசியில் எளிதில் உடையாத இரட்டை அடுக்கு பாலிகார்பனேட்டில் வந்து நின்றார்.

"எந்தப் பக்கம் வெளியில வரணும்?"

"அச்சடிச்ச பேப்பர் ஒட்டியிருக்கிற பக்கம் சார். மாத்திப் போட்டா சீக்கிரம் மஞ்சளாப் பழுத்துடும். இதோட ஏழாவது தடவ சொல்லிட்டேன்."

புதிய கூரை ஏறியது. உடையாத பழைய கண்ணாடிகளைத் தாளில் சுற்றி அடுக்கிவைத்தார். மிஞ்சியது அரை வாளி உடைந்த துண்டுகள். அவற்றை என்ன செய்வது என்று மட்டும் அவர் யாரையும் கேட்கவில்லை. வாசல் கதவருகே சருகு நிரப்பிய பை இருந்தது. நடுவில் குழி பறித்துக் கொட்டினார், மேலே சருகை மூடினார், வாயைக் கட்டினார். கை கழுவியதோடு விஷயம் மறந்துபோயிற்று.

மறுநாள் பை போய்விட்டது. அதன்பின் நான்கு நாள் குப்பை எடுக்க யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டு, தேதிவாரியாகப் புகார் சொன்னார். குப்பை எடுக்க வரும் அந்தம்மாவுக்குப் பொறுப்பே இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை துப்புரவுப் பணியாளரான அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு. அதற்கு வெளியே தெரிந்த விரல்களில் இரண்டு விறைத்து நின்றன.

"சார், நீங்க புகார் குடுத்தீங்களாம். வேற ஆள் போட்டுடுவேன்னு சூப்பர்வைசர் சொல்றார். நீங்க ஒரு வார்த்த சொன்னா வேல போகாது."

"கையில என்னம்மா?" என்று பதறினாள் மனைவி.

"இலைப் பைம்மா. வண்டியில இடம் பத்தலேன்னு உள்ளங்கையால அமுக்கினேன். உள்ள கண்ணாடி இருந்திருக்கு. நரம்பு அறுந்துபோச்சுன்னு தையல் போட்டாங்க."

"யார் வீட்டுப் பை?"

அவள் தயங்கினாள். பார்வை குடிலின் புதுக் கூரைக்குப் போய்த் திரும்பியது.

"மத்த வீட்டுப் பையெல்லாம் குச்சியால குத்திப் பாத்துட்டுத்தான் தொடுவேன். உங்க வீட்டுப் பைய மட்டும் பாக்கறதில்ல சார். நீங்க எதையும் பாத்துப் பாத்துச் செய்யறவராச்சே."

சர்வேயருக்கு அவமானத்தில் தலை குனிந்தது. பிறகு போனை எடுத்தார்.

"நேத்து புகார் குடுத்தவன் பேசறேன். அவங்கமேல தப்பே இல்ல. இலைக்குள்ள கண்ணாடிய மறைச்சுப் போட்டது நான். ஆமா, என் பேர்லயே எழுதிக்குங்க. நேர்ல வந்து கையெழுத்தும் போடறேன்."

போனை வைத்துவிட்டு, "வேல போகாதும்மா," என்றார்.

"விரல்?" என்று கேட்டாள் மனைவி.

அந்தப் பெண் கட்டைப் பார்த்தாள்.

"மூணு வாரம் செடிக்காக யோசிச்சேன்," என்றார் சர்வேயர். "ஒரு நிமிஷம் இந்தக் கைக்காக யோசிக்கல. நாம தூக்கிப் போட்டதோட குப்ப முடிஞ்சுடறதில்ல. அடுத்தாப்புல அத ஒரு மனுஷக் கைதான் தொடுது. அத நெனச்சுக்கிட்டுத்தான் பையக் கட்டணும்."