பீரோவுக்குள் மாப்பிள்ளை

டிவியில் வந்த ஒரு சிரிப்புத் தொடரில் நான் வீட்டோடு மாப்பிள்ளையாக நடித்தேன். அது முடிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பால் வாங்கப் போனால் இன்னும் மாப்பிள்ளைதான். என் சொந்த மருமகனே ஒருநாள் வாய் தவறி என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். யார் யாருக்கு மாப்பிள்ளை என்பதே எங்கள் வீட்டில் குழம்பிப்போயிற்று.

பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது அந்தப் பீரோ காட்சியைத்தான். மாமனாருக்குப் பயந்து மாப்பிள்ளை பீரோவுக்குள் ஒளிவான். உள்ளேயிருந்து தட்டித் தட்டி எல்லாரையும் சிரிக்கவைப்பான். எழுதிக் கொடுத்ததில் தட்டலே கிடையாது, அவராகவே செய்தது என்று பத்திரிகைகள் மெச்சின. எழுதவில்லை என்பது உண்மைதான். செட்டில் இருந்த பீரோவுக்கு முதுகு கிடையாது; முன்னால் நுழைந்து பின்னால் நழுவிவிட வேண்டும். அன்றைக்கு கேமராவுக்கு இடம் போதவில்லை என்று யாரோ புண்ணியவான் அதைச் சுவரோடு தள்ளிவைத்துவிட்டான். முன்கதவின் தாழ்ப்பாளோ வெளிப்பக்கம்; சாத்தியதும் தானாக விழுந்துகொண்டது. உள்ளே புது பெயின்ட் நாற்றம். மூச்சு முட்டியது, தட்டினேன்.

எதிரே ஜனங்களை உட்காரவைத்து, அவர்கள் சிரிப்பையும் சேர்த்துப் பதிவு செய்வது எங்கள் வழக்கம். சிரிப்பு அடங்காமல் கட் சொல்வதில்லை என்பது டைரக்டரின் சட்டம். நான் தட்டத் தட்ட அவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க அவர் காத்திருந்தார். திறங்கடா, செத்துருவேன் என்று நான் அலறியதற்குத்தான் பெரிய சிரிப்பு. தட்டக்கூட முடியாமல் நான் சரிந்தபிறகு எல்லாம் அடங்கியது. கதவும் திறந்தது.

"வாயத் திறக்காத. இதுதான் உனக்குப் பேர் வாங்கிக் குடுக்கப் போகுது" என்றார் டைரக்டர். பேர் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் நானும் வேடிக்கையாகவே சொன்னேன். என் மகள் சாப்பிட அடம்பிடித்தால் அதை நடித்துக் காட்டித்தான் ஊட்டுவேன். ஆனால் அன்றிலிருந்து நான் லிஃப்டில் ஏறியதில்லை, குளியலறைக் கதவைத் தாழ் போட்டதில்லை. வீட்டில் அதற்கு அப்பாவின் கிறுக்கு என்று பெயர்.

இப்போது பழைய தொடரின் ரகசியங்களைச் சொல்ல ஒரு நிகழ்ச்சி. அதே பீரோவை அச்சு அசலாகச் செய்து வைத்திருக்கிறார்களாம். முடியவே முடியாது என்றேன். மகள் விடவில்லை, ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாளாம், மானம் போய்விடுமாம். பேசிவிட்டு வருவேன், பீரோ பக்கமே போகமாட்டேன் என்று கறாராகச் சொன்னேன்.

"சரிப்பா, நீங்க பேசினாலே போதும்" என்றாள்.

மேடையில் தொகுப்பாளினி பேச்சோடு பேச்சாக பீரோ கதவைத் திறந்து, ஒரே ஒரு தடவை சார் என்று குழைந்தாள். ஜனங்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் கிழவராகிவிட்ட டைரக்டர், பக்கத்தில் என் மகள். இத்தனை காலம் மென்று முழுங்கியது போதும் என்று மைக்கை வாங்கினேன்.

"அன்னைக்கு நான் நடிக்கல. நிஜமாவே மாட்டிக்கிட்டேன். உசுரு போயிடும்னு நெனச்சேன். ஜனங்க சிரிச்சதாலதான் யாரும் கதவத் திறக்கல."

அரங்கமே அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பு. டைரக்டர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சத்தியமாகத்தான் சொல்கிறேன் என்றேன். குரல் உடைந்தது. அந்த உடைந்த குரலுக்கு இன்னும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட அழுகைதான் வந்தது.

மற்றவர்கள் எக்கேடு கெட்டுப்போகட்டும். என் மகள் ஒருத்தி நம்பினால் போதும் என்று அவள் பக்கம் திரும்பினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தொகுப்பாளினி இன்னும் கதவைப் பிடித்தபடி நின்றாள். என் மகள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க என்னால் முடியவில்லை. நானாகவே உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டேன்.