இரண்டாவது முறை படித்த அளவு

நிரல் எழுதக் கற்கும் மாலை வகுப்பில் இன்று தேர்வு. தோற்றால் அடுத்த பருவத்தில் இடம் கிடையாது. பகலில் நான் பார்க்கும், தொலைபேசியில் புகார் கேட்கும் வேலைதான் மிஞ்சும்.

பெரிய கணினிக்குள் மென்பொருளாலேயே ஆன சிறிய கணினி ஒன்று ஓடும். அதை விருந்தாளி என்போம். அதற்குத் தகவலைச் சேமிக்க நிஜ வட்டு, அதாவது டிஸ்க், இல்லை. வட்டு போல நடிக்கும் நிரலை நான் எழுதியிருந்தேன். வட்டுக்கு எத்தனை பைட் தகவல் அனுப்பப் போகிறது என்ற அளவை விருந்தாளி தன் நினைவகத்தில் குறித்து வைக்கும். வருவதை வாங்கி வைக்க என் நிரல் நினைவகத்தில் ஒதுக்கிய பெட்டியில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்தான் கொள்ளும். அதற்கு மேல் விட்டால் வழிந்து பெரிய கணினியின் நினைவகத்தைக் கெடுத்துவிடும். ‘விருந்தாளி சொல்வதை நம்பாதே’ என்று நோட்டில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ஒருவர் எழுதிய வட்டை இன்னொருவர் எழுதிய பொல்லாத விருந்தாளி தாக்கும், அதுதான் தேர்வு. போன வாரம் சீட்டுக் குலுக்கியதில் என் வட்டைத் தாக்க வந்தது அக்கா எழுதும் விருந்தாளி. அவளும் இதே வகுப்பு, எனக்குப் பின்வரிசை.

“என்னடி, பேயறஞ்ச மாதிரி இருக்க?”

“கொஞ்சம் பாத்துப் பண்ணுக்கா.”

“வீட்டுல கேளு, பண்றேன். இங்க நான் விருந்தாளி.”

அவள் விருந்தாளியை ஓடவிட்ட முப்பது நொடியில் என் பெட்டி வழிந்து திரை உறைந்தது.

ஆசிரியர் என் நிரலைப் படித்தார். “அளவைப் படிக்கிற, சரிபாக்குற. நல்லது. எழுதறதுக்கு முன்னாடி அதையே மறுபடி ஏன் போய்ப் படிக்கிற?”

“சரியாப் படிச்சேனான்னு ஒரு சந்தேகம், சார்.”

“வீட்டுப் பூட்டையே ரெண்டு தடவை இழுத்துப் பாக்குறவ சார் இவ,” என்றாள் அக்கா. “அது தெரிஞ்சுதான் எழுதினேன். மொதல்ல நூறுன்னு காட்டுவேன். இவ சரிபாத்து முடிச்சதும் நாலாயிரமா மாத்திருவேன்.”

விதிப்படி ஒரு திருத்தம், ஒரு மறுசோதனை உண்டு. ஆசிரியர் பத்து நிமிடம் தந்தார்.

மூன்றாவதாக ஒருமுறை படித்துப் பார்க்கத்தான் முதலில் கை போனது. நான் எத்தனை முறை படித்தாலும் அதற்குப் பின் அவள் மாற்றலாம் என்பது பாதி எழுதிய பிறகே உறைத்தது. அழித்தேன். அளவை ஒரே முறை படித்து, என் பக்கம் நகல் எடுத்து, அந்த நகலையே சரிபார்த்து அதையே பயன்படுத்தினேன். இரண்டாவது முறை படிக்கும் வரியை நீக்கினேன்.

அக்காவின் நிரல் அரை மணி நேரம் முட்டிப் பார்த்தது. பெட்டி வழியவில்லை.

தேறியவர்கள் பட்டியலை ஆசிரியர் கதவில் ஒட்டினார். என் பெயர் இருந்தது. படிக்கட்டு வரை போனவள் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தேன்.

“நான் ஒண்ணும் மாத்தலடி,” என்றாள் அக்கா. “வா, பஸ் போயிரும்.”