தொலைந்த மாட்டு ஓடை

1911 ஜூன் 14 அன்று, மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் பள்ளத்தாக்கின் ரயில் நிறுத்தத்தில், அரசு நில அளவையாளர் ரென்விக் முக்காலி மேசையோடு இறங்கினார். ஆற்றையும் புதிய ரயில் பாதையையும் வரைபடமாக்குவது அவர் வேலை. ஆம்ப்ரோஸ் நீல் வீட்டில் பத்து நாள் தங்கினார்.

வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடைக்கரையில் முதலில் காடு திருத்திக் குடியேறியவர் ஆம்ப்ரோஸின் மாமனார் ஈலை டாலிவர். அவருடைய மரவீட்டை ரயில் பாதைக்காக இடித்துவிட்டார்கள். நிறுத்தத்துக்கு ரயில் கம்பெனி முதலாளியின் மகள் பெயர். அப்பா பெயர் ஓடையிலாவது நிற்கும் என்று ஆம்ப்ரோஸின் மனைவி டெல்ஃபியா நம்பியிருந்தாள்.

ஆனால் அவர்கள் கல்யாணத்துக்கு டாலிவர் கொடுத்த மாடு ஒரே வாரத்தில் ஓடையைத் தாண்டிக் காணாமல் போயிருந்தது. கிழவரே விசில் அடித்து அதைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார் என்று ஆம்ப்ரோஸ் இருபது வருடம் சொல்லிச் சிரித்ததில், பள்ளத்தாக்கே அந்த ஓடையைத் தொலைந்த மாட்டு ஓடை என்றது.

உள்ளூர்க்காரர் மூன்று பேர் சொன்னால்தான் ரென்விக் ஒரு பெயரை எழுதுவார். மாவு மில் ஹோபர்ட், தபாலாபீஸ் அம்மாள், ரயில் கார்டு மூவரும் மாட்டைத்தான் சொன்னார்கள். காலைச் சாப்பாட்டின்போது ரென்விக் பென்சிலில் எழுதிவைத்திருந்த அந்தப் பெயரை டெல்ஃபியா படித்தாள்.

"உன் வேடிக்கை எங்கப்பாவையே அழிச்சிடுச்சு, ஆம்ப்ரோஸ்."

குழம்பை விருந்தாளிக்கு மட்டும் ஊற்றினாள்.

பெயர் சொன்னவர்களைப் பார்க்க ஆம்ப்ரோஸ் கோவேறு கழுதையில் கிளம்பினார். விஷயத்தைக் கேட்ட ஹோபர்ட் மில்லையே நிறுத்திவிட்டார்.

"இருபது வருஷமா மாட்டைத் தொலைச்சே. இப்ப மாமனாரைத் தேடுறியா?"

தேடுவதாக ஆம்ப்ரோஸ் ஒப்புக்கொண்டார். தபாலாபீஸ் அம்மாள் ஒரு மணி நேரம் காக்கவைத்துவிட்டுச் சம்மதித்தாள். மாலையில் இருவரும் வந்து, டாலிவர் ஓடை என்பதுதான் பழைய பெயர் என்று ரென்விக்கிடம் சொன்னார்கள். கார்டு வெளியூர்க்காரர் என்று தெரிந்ததும் அவர் பெயரை ரென்விக் அடித்துவிட்டார். மகள் சொல்வது கணக்கில் வராது. இன்னும் ஒருவர் வேண்டும்.

"நீங்க அதை என்னன்னு சொல்லுவீங்க, மிஸ்டர் நீல்?"

டாலிவர் ஓடை என்ற பெயரை ஆம்ப்ரோஸ் அதுவரை வாயால் சொன்னதில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"டாலிவர் ஓடை, சார். மாடும் அவரோடதுதான்."

கழுதை தாகத்தோடு நிற்கிறது, முதலில் அதற்குத் தண்ணீர் காட்டு என்று உள்ளேயிருந்து டெல்ஃபியா சொன்னாள். இரவுச் சாப்பாட்டில் ஆம்ப்ரோஸுக்கும் குழம்பு கிடைத்தது.

1913 மார்ச்சில் வரைபடம் அச்சாகி வந்தது. ரயில் பாதையைக் கடக்கும் நீலக் கோட்டின் மேல் டாலிவர் ஓடை என்றிருந்தது.