கற்பகத்தின் பாதி உயிர்

ஜீப்பின் கடைசி சீட்டில் நாங்கள் நான்கு பேர். சுருளியம்மாள் அக்கா, வீரலட்சுமி அக்கா, கற்பகம் அக்கா, நான். போடியில் காலையில் ஏறினால் போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். முன்னால் உட்காருகிறவர்கள் எல்லாம் டிரைவர் ஜக்கையனுக்குச் சொந்தக்காரர்கள். அவர்கள் தூங்கிக்கொண்டு வருவார்கள், நாங்கள் பேய்களைக் கொன்றுகொண்டு போவோம்.

பேய்கள் என் கால்குலேட்டருக்குள் இருந்தன. முதலாளி மகள் துபாயில் படித்தவள். பங்களாவை ஒதுக்கியபோது பழைய சாமானோடு அதையும் தூக்கிப் போட்டாள், நான் எடுத்துக்கொண்டேன். கிராஃப் வரைகிற பெரிய கால்குலேட்டர். காலேஜில் இரண்டு வருஷம் கணக்குப் படித்துவிட்டு நின்றவள் நான், அங்கேகூட அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பெண் அதில் ஒரு விளையாட்டை ஏற்றி வைத்திருந்தாள். படம் ஒன்றும் பெரிதாகக் கிடையாது, எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. நான்கு பேர் குகைக்குள் போக வேண்டும், எதிரே வருவதை அடிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் உயிர் இவ்வளவு என்று ஓர் எண் இருக்கும். அது சுழியமானால் சாவு.

நான்கு பேருக்கும் எங்கள் பெயரையே வைத்தேன். சுருளியம்மாள் வாளைக் கேட்டு வாங்கினாள். வீரலட்சுமிக்கு வில். நான் மந்திரக்காரி. கற்பகம் மட்டும் யாரையும் அடிக்க மாட்டேன் என்றாள், அதனால் அவளை வைத்தியக்காரி ஆக்கினேன். இங்கிலீஷ் எழுத்து அவர்கள் மூவருக்கும் கோழிக் கிறுக்கல். நான் வாசித்துச் சொல்வேன், அவர்கள் சொல்கிறபடி அமுக்குவேன். கற்பகத்தின் முறை வந்தால் எப்போதும் ஒரே பதில்தான்.

"சுஜிதாவுக்கு மருந்து போடு. புள்ள நோஞ்சானா இருக்கு."

நோஞ்சான் என்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த மருந்தில்தான் என் மந்திரக்காரி மூன்று மாதம் ஓட்டினாள்.

கார்த்திகையில் மலையில் ஒரு ஜீப் உருண்டது. அதற்குப் பிறகு செக்போஸ்ட்டில் தலையை எண்ண ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஓர் ஆள் குறைய வேண்டும், கடைசி சீட்டிலிருந்து யார் வேலைக்கு வராமல் நின்றுகொள்வது என்று நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் ஜக்கையன். மற்ற ஜீப்புகளிலும் இதே கதைதான். நின்றால் தோட்ட வேலை போனது போனதுதான்.

சுருளியம்மாள் புருஷனை இழந்தவள். வீரலட்சுமிக்கு மூன்று பிள்ளைகள். கற்பகத்தின் புருஷன் சின்ராசு, நிழல்மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து இடுப்பொடிந்து ராசிங்காபுரத்தில் படுத்த படுக்கை. எனக்கு என்ன கேடு? வேலை நின்றால் தையில் மாமன் மகன் சூர்யபிரகாஷுக்குக் கட்டிவைப்பேன் என்று அப்பா சொல்லியிருந்தார். பெற்ற தாயையே செருப்பால் அடிக்கிறவன் அவன். ஜீப்பில் சொன்னால், கல்யாணம் நல்ல காரியம்தானே என்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாள் சுருளியம்மாள். சிவப்புப் பூ இருக்கிற பொட்டலத்தை எடுத்தவள் நின்றுகொள்ள வேண்டும். பொட்டலம் கட்டுகிற கை சுத்தம் என்று யார் கண்டது என்றாள் வீரலட்சுமி. பிறகு அவளே வழியும் சொன்னாள்.

"மெஷினுக்கு ஓரவஞ்சன தெரியாது. நாளைக்கு வெளையாட்டுல எவ மொதல்ல சாகுறாளோ, அவ நின்னுக்கிரட்டும்."

சம்மதித்தோம்.

சனிக்கிழமை ஏழாவது வளைவில் குகைக்குள் மூன்று தலைப் பாம்பு வந்தது. முதல் கடியிலேயே என் எண் பாதிக்குக் கீழே போயிற்று. கற்பகத்தின் முறை. இன்றைக்காவது மருந்தை உனக்கே போட்டுக்கொள் என்று வீரலட்சுமி அவளை அதட்டினாள். எனக்குத்தான் இன்னும் இருக்கிறதே, சுஜிதாவுக்கே போடு என்றாள் கற்பகம். போட்டேன். அப்படியும் அடுத்த இரண்டு கடியில் நான் செத்தேன்.

சுழியம் எல்லோருக்கும் தெரியும். அது யார் பெயருக்கு நேரே நிற்கிறது என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

"யாருத்தா அது?" என்று எட்டிப் பார்த்தாள் வீரலட்சுமி.

"கற்பகக்கா," என்றேன்.

கற்பகம் கால்குலேட்டரை வாங்கி, அந்தச் சுழியத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இதுதான் நானா என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அன்று சாயங்காலம் இறங்கும்போது, பிடித்து உட்காரு என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை சீட்டில் கால் நீட்ட இடம் இருந்தது. அவர்கள் விளையாட்டைத் தொடரச் சொன்னார்கள். திரையில் கற்பகம் என்று வந்த இடத்திலெல்லாம் சுஜிதா என்று வாசித்தேன். மந்திரக்காரி எப்போது மருந்து போடக் கற்றாள் என்று வீரலட்சுமி கேட்டாள். கற்பகம் சாகும்போது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள் என்றேன். நம்பினார்கள்.

தை போனது, என் கல்யாணப் பேச்சும் ஓய்ந்தது. கற்பகம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். சின்ராசுவை அவன் அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டத்தில் போட்டிருக்கிறார்களாம்.

மாசியில் ஒருநாள் குகையைத் தாண்டினோம். அங்கே ஒரு கோயில். வைத்தியக்காரி தன் உயிரில் பாதியைக் கொடுத்தால் செத்தவர் எழலாம், கற்பகம் கொடுக்கச் சம்மதமா என்று திரை கேட்டது. என்ன போட்டிருக்கிறது என்றார்கள். வழி கேட்கிறது என்று சொல்லிவிட்டு, சம்மதம் என்று அமுக்கினேன். அவள் எண் பாதியானது. என் பெயருக்கு நேரே எண் ஏறியது.

"சுழியத்தக் காணமே. கற்பகம் எந்திரிச்சுட்டாளா?" என்றாள் சுருளியம்மாள்.

"ஆமாக்கா," என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வளைவில் டவர் கிடைத்ததும் திருப்பூருக்குப் போன் போட்டு, நீயே சொல் என்று என் கையில் திணித்தாள். சொன்னேன். அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே கற்பகம் சிரித்தாள்.

"அப்ப ஒனக்கு மருந்து போட ஆளிருக்குன்னு சொல்லு. எனக்குன்னு வைக்காத, ஒனக்கே போட்டுக்க."

எனக்கு அவள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஒருத்தி இத்தனை நல்லவளாக இருந்தால் யார்தான் ஏய்க்க மாட்டார்கள்? அடுத்த சண்டையில் கற்பகத்தின் முறை வந்தது, மருந்தை எனக்கே போட்டேன்.